எங்க வீடு அதுல இருக்கா?

மும்பை சீத்தா கேம்பில் எங்கள் உதவி மையம் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை. முன்பு அங்கே மிக்சர் கடை இருந்ததாம். மழைக்காலத்தில் சுவர் ஊறினால் இன்னும் எண்ணெய் வாசம் வரும். ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. சென்சஸ் தகவல் இலவசமாகப் பார்த்துத் தரப்படும் என்று தமிழிலும் உருதுவிலும் இந்தியிலும் போர்டு எழுதி மாட்டினோம். முதல் மாதம் வந்தவர்களில் பாதிப் பேர் ஆதாரில் போன் நம்பர் மாற்ற வந்தவர்கள்.

மீதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி. "யம்மா, எங்க வீடு அதுல இருக்கா?"

எனக்கு அந்தக் கேள்வி அப்போது சிரிப்பாக இருந்தது. நான் படித்துவிட்டு வந்தது அட்டவணைகளை. மகாராஷ்டிரத்துக்கு எண் 27, மும்பை புறநகர் மாவட்டத்துக்கு 518, அதற்குள் வார்டு வார்டாக எக்செல் கோப்புகள். வீட்டைத் தேடி வருகிறவருக்கு இதில் எதைத் திறந்து காட்டுவது?

ஒரு பெரியவர் வந்தார். திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம், அறுபது வருஷமாக மும்பை. கோவண்டிப் பக்கம் அவர் இருக்கும் குடிசைப் பகுதியை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே அங்கே குடியிருப்பதைக் காட்டினால்தான் இலவச வீடு. அவர் பையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, அவருடைய அப்பா பெயரில் 1976 குடிசைக் கணக்கெடுப்பில் கொடுத்த போட்டோ பாஸ் என்ற அட்டை. இன்னொன்று ஒரு போன். அதில் அவர் வீட்டுக் கதவின் படம். கதவில் 2010-இல் சென்சஸுக்காக வீட்டுப் பட்டியல் எடுக்க வந்தவர் எழுதிப்போன நம்பர்.

"ரெண்டுமே சென்சஸ்தானே? கவர்மெண்டுலேர்ந்து ஆள் வந்து எழுதினது. இத வச்சு ஒரு சர்டிபிகேட் வாங்கிக் குடு தாயி."

இரண்டும் ஒன்றல்ல என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. 1976 ஜனவரியில் நடந்தது மாநில அரசு குடிசைகளை மட்டும் எண்ணிய கணக்கு. யார் எங்கே இருக்கிறார் என்று பதிந்து கையில் அட்டை கொடுப்பதற்காகவே எடுத்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதற்கு நேர் எதிர். 1948-ஆம் வருஷச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தனி ஆளைப் பற்றிய பதிவை யாரும் பார்க்கக் கூடாது, நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் ஏற்கக் கூடாது என்கிறது. எண்ணி முடித்ததும் பெயர் போய்விடும், தொகை மட்டும் நிற்கும்.

"அப்ப எதுக்கு எம் பேர எழுதினான்?"

"எண்ணுறதுக்கு மாமா."

"எண்ணிட்டு மறந்துருவானா?"

மறந்துவிடுவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு, நாளைக்கே ஒருத்தர் அந்தப் பதிவை வைத்து உங்களை வெளியே தள்ள முடியாது என்று சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தபோது அந்த வாதம் எனக்கே ருசிக்கவில்லை. அவருக்கு வேண்டியது பழைய வாக்காளர் பட்டியலும் லைட் பில்லும். அடுத்த மூன்று சனிக்கிழமை அதைத்தான் தேடினோம். சென்சஸ் மையத்தில் உட்கார்ந்து நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் சென்சஸைத் தொடாமல் செய்தது.

இரண்டாவது காரியத்தில் மூக்குடைந்தேன். வயது வந்தோர் கல்வி வகுப்புக்கு இடம் கேட்டு ஒரு மனு. எங்கள் எம் கிழக்கு வார்டில் 2011 கணக்குப்படி 8,07,720 பேர். சென்சஸின் முதன்மைச் சுருக்க அட்டவணையில் 'எழுத்தறிவற்றோர்' என்று ஒரு பத்தி நேராகவே இருக்கிறது. அந்த எண்ணை அப்படியே தூக்கி மனுவில் போட்டு, அடியில் கோடும் போட்டேன். போன இடத்தில் அதிகாரி கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "இதில் கைக்குழந்தையும் சேர்த்தியா?" என்றார். சேர்த்திதான். ஏழு வயதுக்குக் கீழே இருக்கும் எல்லோரையும், எழுதத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், சென்சஸ் எழுத்தறிவற்றோர் என்றே வைக்கிறது. எழுத்தறிவு விகிதம் கணக்கிடும்போது மட்டும் 0–6 வயதினரைக் கழித்துவிடுவார்கள். நானும் கழித்திருக்க வேண்டும். அதே அட்டவணையிலேயே அந்த எண்ணும் இருந்தது.

திரும்பி வந்து வகுப்பு நடத்தும் அக்காவிடம் சொன்னேன். "மூணு மாசப் பிள்ளையுமா படிக்காதவன்? நல்லா இருக்கே கத!" என்று சிரித்தவர், அதன் பிறகு நான் எந்தப் பேப்பரை நீட்டினாலும் "இதுல தொட்டில்ல கிடக்கிறது எத்தன?" என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. (அந்த 2011 குழந்தைகளில் ஒருவன்தான் இப்போது எங்களுக்கு கட்டிங் சாய் கொண்டுவருகிறான். அங்கன்வாடி கேட்டு மனு எழுதும்போதும் நான் எடுக்கிற எண் இவனை எண்ணிய எண்தான். வேறு எண் கிடையாது.)

தண்ணீர் விஷயத்தில்தான் எனக்கு இந்த வேலை பிடிபட்டது. கழிமுகத்தை ஒட்டிய கடைசிச் சந்து ஒன்றில் பச்சத் கட் என்னும் சேமிப்புக் குழு நடத்தும் பெண்கள் வந்தார்கள். குழாய் தூரமாக இருக்கிறது, சந்துக்குள் ஒரு குழாய் வேண்டும், "சென்சஸ்ல எங்களுக்குத் தூரம்னு போட்டிருக்கான்னு பாரு." வீட்டு வசதி அட்டவணையில் குடிநீர் கிடைக்கும் இடம் மூன்று வகை: வளாகத்துக்குள், அருகில், தொலைவில். சதவீதம் வார்டு அளவில்தான் இருக்கும், சந்துக்குக் கிடையாது. இதைச் சொன்னதும் தலைவி அக்கா விடவில்லை.

"அருகிலன்னா எவ்வளவு தூரம்?"

நகரத்தில் 100 மீட்டருக்குள், கிராமத்தில் 500 மீட்டருக்குள். நான் விளக்கக் குறிப்பைப் பார்த்துப் படித்தேன். அவர்கள் பேசாமல் எழுந்து போனார்கள். மறுநாள் துணி காயப்போடும் நைலான் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு கடைசி வீட்டு வாசலிலிருந்து குழாய்வரை அளந்தார்கள். நானும் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு சாக்கடை தாண்டினேன். 84 முடிச்சு.

"அப்ப இது அருகிலயா?" என்றார் ஒரு சின்னம்மா. இடுப்பில் குடம். சந்தில் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

அவர்களுடைய பிரச்சினை 84 மீட்டர் இல்லை என்பது அந்தச் சத்தத்தில்தான் வெளியே வந்தது. தண்ணீர் வருவது ராத்திரி இரண்டு மணிக்கு. வரிசையில் ஒரு மணி நேரம். 2010-இல் வீட்டுப் பட்டியலுக்கு 35 கேள்விகள் கேட்டார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று உண்டு, எத்தனை மணிக்கு வருகிறது என்று இல்லை. இல்லாத கேள்விக்கு நான் எத்தனை கோப்பைத் திறந்தாலும் பதில் வராது. ஆனால் இருக்கிற கேள்விகளை இரவல் வாங்கலாமே என்று தோன்றியது.

சென்சஸ் படிவத்தின் கட்டங்களை அப்படியே ஒரு நோட்டில் வரைந்து, பின்னால் இரண்டு கட்டம் சேர்த்தோம்: தண்ணீர் வரும் நேரம், வரிசையில் நிற்கும் நேரம். அறுபத்துச் சொச்சம் வீடுகள். முதல் நாளே அடிதடி. ஒரே கோலியில் மாடியிலும் கீழேயுமாக இருக்கும் அண்ணன் தம்பியை ஒரு வீடாக எழுதுவதா, இரண்டாகவா? சென்சஸ் விதி சுலபம், ஒரே அடுப்பில் சாப்பிட்டால் ஒரு குடும்பம். இரண்டு அடுப்பு என்றாள் சின்ன மருமகள். ஒரே அடுப்புதான் என்றாள் மாமியார். அந்த வீட்டை எழுத நான்கு நாள் ஆனது.

நோட்டை அடித்துத் திருத்தி, மேலே வார்டு அட்டவணையையும் கோர்த்து உரிய அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். வார்டு அட்டவணையை அவர்கள் புரட்டியதோடு சரி. நோட்டைப் படித்தார்கள். கட்டங்கள் அவர்களுக்குப் பழகியவை. அதுதான் உதவியது என்று நினைக்கிறேன். சந்துக்குள் குழாய் வரவில்லை. தண்ணீர் விடும் நேரம் மட்டும் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிக்கு நகர்ந்தது. அந்த வாரம் மையத்துக்கு ஒரு தூக்குச்சட்டி நிறைய பணியாரம் வந்தது.

தாய்மொழிக் கணக்கு கேட்டு வருகிறவர்களுக்கு இன்னும் என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள், சீத்தா கேம்பில் எத்தனை தமிழர் என்று ஒரு எண் இருந்தால் பேசலாம் என்பார்கள். 2011-இல் இந்தியாவில் 6,90,26,881 பேர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னார்கள் என்று கடைசி ஆள்வரை என்னால் சொல்ல முடியும். இந்த நாலு தெருவுக்குச் சொல்ல முடியாது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுகிறேன்.

2025 ஜூனில் அடுத்த கணக்கெடுப்பை அறிவித்தார்கள். 2027 மார்ச் 1 கணக்கு நாள், எழுதுவது போனிலேயே என்று வந்ததும் மையத்தில் கூட்டம். அந்தப் பெரியவரும் வந்தார். பழைய வாக்காளர் பட்டியலில் பெயர் கிடைத்து, அவருடைய கோப்பு மேலே போயிருக்கிறது. சர்டிபிகேட் கேட்கவில்லை. போனைத் திறந்து கதவைக் காட்டினார். தீபாவளிக்கு நீல பெயிண்ட் அடித்திருக்கிறார். மேல் மூலையில் மட்டும் கையகலத்துக்குப் பழைய பலகை தெரிகிறது, அதில் அந்த நம்பர்.

"சர்ட்டிபிகேட்டுக்கு ஆகாதுன்னு நீ சொன்ன. அழிக்கவா சொன்ன?"