மேஸ்திரி சொல்ல நான் எழுதிய ஏடு

2020 அக்டோபர் 25, ஞாயிறு

இன்று ஆயுத பூஜை. நோய்ப் பரவலைத் தடுக்க, வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று செப்டம்பரில் யாங்கோன் (எங்கள் பழைய ரங்கூன்) முழுவதற்கும் இட்ட உத்தரவு இன்னும் நீங்கவில்லை. அனோரத்தா சாலைக் காளி கோயிலுக்குப் போக வழியில்லாததால், வீட்டிலேயே ஒரு மணைப்பலகையைக் கழுவிக் கோலமிட்டு, அதன்மேல் நான்கு ஸ்பேனர்களையும், ஒரு சுத்தியலையும், மேஸ்திரி எனக்குக் கொடுத்த முக்கோணச் சுரண்டியையும் துடைத்து வைத்துச் சந்தனம் இட்டேன். பக்கத்தில் ஓரம் செல்லரித்த ஒரு கணக்கு நோட்டையும் வைத்தேன். பேத்தி அதைப் புரட்டிவிட்டு, "தாத்தா, இது தமிழா?" என்று கேட்டாள்.

தமிழ்தான். ஆனால் கிங்பின், கேஸ்கெட், டைனமோ என்று வரிக்கு வரி வண்டிச் சொற்களும், நடுநடுவே பர்மியச் சொற்களும் கலந்த தமிழ். 1966-இல், பதினாறு வயதில், பஸுண்டாங் ஓடையை ஒட்டி அரிசி ஆலைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு லாரி கராஜில் வேலைக்குச் சேர்ந்தேன். தனியார் பள்ளிகள் அரசுடைமையானபோது நான் படித்த தமிழ்ப் பள்ளியும் போய்விட்டது. கராஜின் மேஸ்திரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்காக ஏடு எழுதிக்கொண்டிருந்த கணக்கர் குடும்பத்தோடு சென்னைக்குக் கப்பல் ஏறிவிட்டார். எனக்குத் தமிழ் எழுதத் தெரியும் என்பதற்காகத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஸ்பேனர் பிடிப்பதெல்லாம் பிறகு வந்தது. அந்த ஏட்டைப் பற்றியும், அதில் என்னை எழுதவைத்த மனிதரைப் பற்றியும், நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும் என்று இன்று தீர்மானித்தேன்.

2020 அக்டோபர் 28, புதன்

முதலில் வண்டிகள். எங்கள் கராஜில் ஓடும் லாரிகள் ஐந்து இருந்தன. மூன்று ஷெவ்ரோலே, இரண்டு ஹினோ. ஷெவ்ரோலே லாரிகள் போருக்காகக் கனடாவில் செய்யப்பட்டு, பிரிட்டிஷ் படையோடு பர்மாவுக்குள் வந்து, போர் முடிந்தபின் இங்கேயே தங்கிவிட்டவை. மூக்குச் சப்பையாக, நெற்றி உயர்ந்து நிற்கும் அந்த முகத்தை என் வயதுக்காரர்கள் மறக்க மாட்டார்கள். அதே இனத்துச் சிறிய வண்டிகளின் மேல் மரக்கூடு கட்டித்தான் ரங்கூனில் வெகுகாலம் பஸ் ஓட்டினார்கள். ஹினோ பின்னால் வந்தவன். 1954-இல் ஜப்பானோடு கையெழுத்தான போர் இழப்பீட்டு ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, ஜப்பானிய உதவியோடு இங்கேயே அதைப் பூட்டத் தொடங்கினார்கள். ஆறு சிலிண்டர் டீசல். பாரம் இழுப்பதில் அதற்கு நிகரில்லை.

இவை தவிர, ஆறாவது வண்டியாக, ஓடாத ஷெவ்ரோலே ஒன்று ஷெட்டின் பின்புறம் செங்கல் முட்டின்மேல் நின்றது. மற்ற மூன்றுக்கும் வேண்டிய உறுப்புகளை அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்துவந்தோம். இறக்குமதி நின்றுபோன காலம் அது. கடைக்குப் போய் உதிரி வாங்குவது என்ற எண்ணமே எங்களுக்கு இல்லை.

கம்பெனிக்கு ஒரு காலத்தில் பெரிய பெயர்ப்பலகை இருந்ததாம். நான் சேர்ந்தபோது சுவரில் அதன் நான்கு போல்ட் ஓட்டைகள்தான் இருந்தன.

2020 நவம்பர் 3, செவ்வாய்

மேஸ்திரியின் கைவேலைகளில் எனக்கு மிகவும் பிடித்ததை இன்று எழுதுகிறேன்.

ஷெவ்ரோலேயின் 216 கன அங்குல எஞ்சினில், பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில், இக்கால வண்டிகளைப்போல் கழற்றி மாட்டும் பேரிங் ஓடு கிடையாது. மெத்தென்ற வெள்ளை உலோகத்தை ராடிலேயே வார்த்திருப்பார்கள். எண்ணெயும் அங்கே பம்பின் அழுத்தத்தால் வருவதில்லை; ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி, சுற்றும்போது எண்ணெய்த் தொட்டியில் முங்கி அள்ளிக்கொள்வதே பெரும்பாலும் அதற்குக் கிடைக்கும் எண்ணெய். நல்ல எண்ணெய் கிடைக்காத நாளில், அளவுக்கு மீறிய மூட்டைகளோடு மேடு ஏறினால் அந்த உலோகம் உருகி வழிந்துவிடும். எஞ்சின் அடிவயிற்றிலிருந்து இடிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்கும்.

எந்த ராட் என்று கண்டுபிடிப்பதற்கு, எஞ்சினை ஓடவிட்டு, மரப்பிடி போட்ட திருப்புளியால் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்காக மேஸ்திரி மின்சாரத்தைத் தடுப்பார். கெட்ட ராட் உள்ள சிலிண்டரைத் தடுத்தவுடன் சத்தம் தணிந்துவிடும். "எழுதிக்க தம்பி, நாலாம் ராட்" என்பார். நான் எழுதிக்கொள்வேன்.

பிறகு வார்ப்பு. பக்கத்து அரிசி ஆலைகளில் கழித்த பழைய பேரிங்குகளே எங்கள் உலோகச் சுரங்கம். அதை இரும்புக் கரண்டியில் போட்டுக் கரி அடுப்பில் உருக்கி, காய்ந்த மூங்கில் குச்சியை முக்கிப் பார்ப்பார். குச்சி பழுத்தால் பதம். பற்றிக்கொண்டால் சூடு மீறிவிட்டது. அதற்கு முன்பே, நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதைப்போல், ராடின் உட்புறத்தில் ஈயம் பூசியிருப்பார். பூசாத இடத்தில் உலோகம் ஒட்டாது. நடுவில் நிறுத்தும் உருளையை மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் காட்டிக் கரி ஏற்றுவார். கரி ஏறிய இடத்தில் உலோகம் ஒட்டாது. ஒட்ட வேண்டிய இடத்தையும் ஒட்டக்கூடாத இடத்தையும் தீர்மானிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது என்று அப்போது புரிந்துகொண்டேன். சந்துகளைக் களிமண்ணால் அடைத்து நன்றாகக் காயவைக்க வேண்டும்; துளி ஈரம் இருந்தாலும் உலோகம் தெறித்து முகத்தைப் பொசுக்கிவிடும். ஊற்றும்போது அவர் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே வீச்சில் ஊற்றுவார். நாங்களும் எங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

ஆறியபின் கடைந்து, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து கிராங்க் தண்டில் பூசி, ராடை மாட்டிச் சுற்றிக் கழற்றினால், எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கே மேடு என்று பொருள். அந்த மேட்டை முக்கோணச் சுரண்டியால் மயிரிழை மயிரிழையாகச் சுரண்டுவார். மாட்டுவார், கழற்றுவார், சுரண்டுவார். ஒரு ராடுக்கு அரை நாள் போகும். கடைசியாக, தாள்போன்ற பித்தளைத் தகடுகளை வைத்து முறுக்கியபின், ராடை நிமிர்த்திப் பிடித்துக் கையை விடுவார். அது தன் எடையால் மெல்ல, தூக்கத்தில் தலை சாய்வதுபோல் சாய வேண்டும். தொப்பென்று விழுந்தாலும் தவறு, நின்றுவிட்டாலும் தவறு.

அன்றைய ஏட்டில் இருப்பது இவ்வளவுதான்: "லாரி 2. நாலாம் ராட். வார்த்தது. தகடு இரண்டு."

2020 நவம்பர் 11, புதன்

லாரிகள் போன வழியைப் பற்றிப் பேத்தி கேட்டாள். ரங்கூனிலிருந்து புறப்பட்டால் தவுச்சான் முச்சந்தியில் புரோம் சாலை இடப்பக்கம் பிரிந்துவிடும். நாங்கள் வலப்பக்கம் திரும்பி, பெகு, தவுங்கூ, பியின்மனா, மெய்க்டிலா வழியாக மண்டலே போவோம். நானூறு மைலுக்கு மேல். போகும்போது உப்பும் கருவாடும். வரும்போது கடலையெண்ணெய், வெங்காயம், மிளகாய், பனைவெல்லம். பாரத்தை வீசைக் கணக்கில் எழுதுவேன். பர்மியர் பெய்த்தா என்று சொல்லும் அந்த நிறையை ஆங்கிலேயர்கூட நம் சொல்லால்தான் குறித்தார்கள். ஒரு வீசை ஏறக்குறைய 1.6 கிலோ.

ஒவ்வொரு லாரியிலும் டிரைவரோடு ஒரு ஸ்பேர் போவான். கிளீனரைப் பர்மாவில் அப்படித்தான் சொல்வோம். எங்கள் ஸ்பேர்கள் பெரும்பாலும் பர்மியப் பையன்கள். மேஸ்திரியை 'சயா' (ஆசான்) என்று கைகட்டி அழைப்பார்கள். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள்தூள் போடுவதையும், பெட்ரோல் டாங்கி கசிந்தால் சோப்புக் கட்டியைத் தேய்த்து அடைப்பதையும், எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பும் கிராங்க் கம்பியைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்வதையும் அவர்களுக்கு அவர் தமிழும் பர்மியமும் கலந்து சொல்லிக்கொடுத்தார். கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்தால், எஞ்சின் திருப்பி உதைக்கும்போது விரல் முறிந்துவிடும்.

எஞ்சின் பிரித்துக் கட்டிய லாரியைப் பீலிக்கான் முனீஸ்வரரிடம் கொண்டுபோக வேண்டுமானால் அப்போது ஆற்றைக் கடந்தாக வேண்டும். தன்லின் பாலம் 1993-இல்தான் வந்தது. ஆகவே சாலையிலேயே இருக்கும் ஷ்வே ஞவுங்பின் ஆலமரத்து நாத் (பர்மியரின் காவல் தெய்வம்) சந்நிதியில் வண்டியை நிறுத்தி வணங்குவார்கள். கண்ணாடியில் சிவப்பும் வெள்ளையுமாகத் துணி. சக்கரத்தின் அடியில் எங்கள் எலுமிச்சம்பழம். இரண்டில் எது இல்லாவிட்டாலும் ஸ்பேர் வண்டியில் ஏற மாட்டான், டிரைவரும் ஏற மாட்டார்.

2020 நவம்பர் 14, சனி

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். கராஜில் தீபாவளியன்று ஐந்து லாரிகளும் ஒருசேர ஷெட்டில் நிற்கும். ஆண்டில் அந்த ஒரு நாள்தான் அப்படி. வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை.

2020 நவம்பர் 22, ஞாயிறு

இதை எழுதாமல் விட்டால் ஏடு முழுமையாகாது.

1968-இல் பிரேக் எண்ணெய் கிடைக்கவில்லை. மேஸ்திரி விளக்கெண்ணெயையும் ஸ்பிரிட்டையும் கலந்து தாமே செய்து வைத்திருந்தார். ஒருநாள் காலை மூன்றாம் லாரி புறப்படும் நேரத்தில் பிரேக் எண்ணெய் குறைந்திருந்தது; கலவையும் தீர்ந்திருந்தது; மேஸ்திரி ஊரில் இல்லை. டிரைவர் அவசரப்படுத்தினார். எண்ணெய் எல்லாம் எண்ணெய்தானே என்று நினைத்து, நான் எஞ்சின் எண்ணெயில் ஒரு குவளை ஊற்றி மூடினேன்.

அந்தக் கால பிரேக்கின் உள்ளே எண்ணெய் கசியாமல் அடைத்துநின்ற கிண்ணங்கள் இயற்கை ரப்பர். விளக்கெண்ணெய் அதை ஒன்றும் செய்யாது. எஞ்சின் எண்ணெய் பட்டால் உப்பிவிடும். தவுச்சானை நெருங்கும்போது கிண்ணங்கள் உப்பி, மிதித்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டது. டிரம் சூடேறிப் புகைந்தது. கடைசியில் மிதித்தாலும் பயனில்லாமல் போய், டிரைவர் வண்டியை ஒரு வயல் வரப்பில் ஏற்றி நிறுத்தினார். யாருக்கும் அடி இல்லை. ஆனால் சாலையோரம் நடந்துகொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகளை ஸ்பேர் கூவி விரட்டினான் என்று கேட்டபோது எனக்குக் கை கால் ஓடவில்லை.

மேஸ்திரி திரும்பி வந்து என்னை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. ஆறாவது வண்டியிலிருந்து ரப்பர் கிண்ணங்களை எல்லாம் கழற்றி, மூன்றாம் லாரியின் குழாய்களை ஸ்பிரிட் விட்டுக் கழுவி மாட்டினார். அவை எங்களிடம் மிஞ்சியிருந்த கடைசிக் கிண்ணங்கள். இரவு ஏட்டை எடுத்துவரச் சொன்னார். "என்ன நடந்துச்சோ அப்படியே எழுது. யார் ஊத்துனதுன்னும் எழுது. நாளைக்கு இதைப் பார்க்கிறவன் தெரிஞ்சுக்கணும்" என்றார். எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். என் பெயர் வந்த இடத்தில் குரல் அடைத்தது. முழுதும் படித்து முடிக்கும்வரை பேசாமல் அமர்ந்திருந்தார்.

ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பக்கத்தை இன்று பேத்தியிடம் காட்டினேன்.

2020 நவம்பர் 29, ஞாயிறு

நமக்குக் கார்த்திகைத் தீபம். பர்மியருக்கு தசவுங்டைங் பௌர்ணமி. எதிர்வீட்டு மெழுகுவத்திகளும் எங்கள் அகல்களும் ஒரே நேரத்தில் எரிகின்றன.

1960-களில் லட்சக்கணக்கான நம்மவர்கள் இந்த நாட்டை விட்டுப் போனார்கள். எங்கள் கராஜில் மட்டும் ஒரு வெல்டரும், இரண்டு ஃபிட்டர்களும், டிரைவர் ஒருவரும் போனதை ஏட்டின் ஓரத்தில் குறித்திருக்கிறேன். மேஸ்திரிக்கும் ராமநாதபுரம் பக்கம் உறவு இருந்தது. அயலார் பதிவுச் சான்று ஒன்றை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டு இங்கேயே இருந்தார். ஏன் போகவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "அஞ்சு வண்டியும் ஓடிக்கிட்டிருக்கே" என்றார்.

2020 டிசம்பர் 6, ஞாயிறு

இன்றோடு ஐம்பது ஆண்டு. 1970 டிசம்பர் 6, அதுவும் ஞாயிறுதான். அதுவரை சாலையின் இடப்பக்கம் ஓடிய பர்மா, அன்று முதல் வலப்பக்கத்துக்கு மாறியது. சோதிடர் சொல்லித்தான் இந்த மாற்றம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். காரணம் எதுவானாலும் எங்களுக்கு வேலை வந்தது: ஸ்டியரிங் வலப்பக்கமே இருந்தது; சாலை மட்டும் மாறிவிட்டது. டிரைவர் இனி ஓரத்தில் அமர்ந்து ஓட்ட வேண்டும். முன்னால் போகும் வண்டியைக் கடக்க வேண்டுமானால் எதிரே வருவது அவருக்குத் தெரியாது. கண்ணாடிகளை இடம் மாற்றினோம். எதிரே வருபவர் கண்ணைக் கூசாதபடி முன்விளக்குகளைத் திருப்பினோம்.

ஆனால் மேஸ்திரி நவம்பர் நடுவிலேயே வேறொரு வேலையைத் தொடங்கியிருந்தார். ஐந்து லாரிகளின் வலப்புறப் பின் ஸ்பிரிங்குகளையும் இறக்கி, பட்டைகளை உலையில் காய்ச்சி, வளைவு ஏற்றி, எண்ணெயில் தோய்த்து மாட்டினார். நல்ல ஸ்பிரிங்கை எதற்குப் பிரிக்கிறார் என்று டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் என்னை அழைத்து, பழைய ஏடுகளில் ஸ்பிரிங் முறிந்த வரிகளை மட்டும் படிக்கச் சொன்னார். படித்தேன். "இடது பின்", "இடது பின்", "இடது முன்", "இடது பின்" என்று வந்துகொண்டே இருந்தது. நானே எழுதிய வரிகள். அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை.

மாற்றம் வந்த அன்று நான்காம் லாரி பெகுவுக்குப் போயிற்று. ஸ்பேர் பையனை இறக்கிவிட்டு, மேஸ்திரியே இடப்பக்க இருக்கையில் ஏறி அமர்ந்தார். எதிரே சாலை காலியாக இருந்தால் கதவில் ஒரு தட்டு. வண்டி வந்தால் இரண்டு தட்டு. ஐம்பது மைலும் அப்படியே தட்டிக்கொண்டு போனாராம். அடுத்த வாரத்திலிருந்து எல்லா ஸ்பேர்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

இன்று அந்தப் பக்கத்தைப் பேத்தி தானே எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ஐந்து லாரிக்கும் வலது பின் ஸ்பிரிங் தூக்கியது." வலது எதற்கு என்று கேட்டாள். மழைநீர் வழிய வேண்டும் என்பதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்திப் போடுவார்கள் என்று சொல்லி, மணைப்பலகையை எடுத்து, அதன்மேல் ஸ்பேனர்களை அடுக்கி, வலப்பக்கமாகச் சற்றே சாய்த்துக் காட்டினேன். நான்கு ஸ்பேனர்களும் சறுக்கி வந்து வலது விளிம்பில் இடித்துக்கொண்டு நின்றன. அவள் பலகையை என் கையிலிருந்து வாங்கி, மெல்ல மறுபக்கம் சாய்த்துப் பார்த்தாள்.