கல்லீரல் வார்டில் குடலின் கணக்கு

கல்லீரல் நோய்ப் பிரிவுக்குப் புதிதாக வரும் இளம் மருத்துவர்களுக்கு முதலில் வியப்பூட்டுவது, காலைச் சுற்றில் மஞ்சள் காமாலையின் அளவைக் காட்டும் பிலிரூபினுக்கு முன்பாகவே நோயாளி நேற்று எத்தனை முறை மலம் கழித்தார் என்று நாங்கள் விசாரிப்பதுதான். சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கம் முற்றியவர்களைப் பொறுத்தவரை, பல ரத்தப் பரிசோதனைகளைவிட அந்த எண்ணிக்கை எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது.

கல்லீரலுக்குச் செல்லும் ரத்தத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, பெரும்பாலும் குடலிலிருந்து, போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. ஆகவே குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அம்மோனியாவும், மடிந்த பாக்டீரியாக்களின் செல்சுவர்த் துணுக்குகளும் முதலில் போய்ச் சேருமிடம் கல்லீரலே. நலமான கல்லீரல் அம்மோனியாவை யூரியாவாக மாற்றிவிடும். துணுக்குகளை அதன் குஃப்பர் செல்கள் விழுங்கிவிடும். சுருங்கி இறுகிய கல்லீரலில் இந்த வேலை குன்றுவதோடு, ரத்தத்தின் ஒரு பகுதி கல்லீரலைத் தொடாமலேயே மாற்றுக் குழாய்கள் வழியாகப் பொது ஓட்டத்தில் கலந்துவிடுவதால், இரண்டு நாள் மலச்சிக்கலில் சேரும் அம்மோனியாகூட மூளையில் குழப்பமாகத் தெரியத் தொடங்குகிறது.

அப்படி வந்த ஒரு முதியவரைக் கைகளை முன்னே நீட்டி, மணிக்கட்டைப் பின்னுக்கு மடக்கி, விரல்களை விரித்து வைக்கச் சொன்னேன்; சில நொடிகளில் இரு கைகளும் சிறகடிப்பதுபோல் விட்டுவிட்டுத் தாழ்ந்தன. "ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கார் டாக்டர், பகல்ல தூங்குறார். பேத்தி பேரைக் கேட்டா யோசிக்கிறார்" என்றார் அவருடைய மனைவி. சிறிது தயங்கியபின், "அந்த சிரப் குடிச்சா அஞ்சாறு தடவை போகுது, உடம்பு தாங்காதுன்னு நான்தான் நிறுத்திட்டேன்" என்றார்.

அவருடைய அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அவர் நிறுத்திய அந்த சிரப், லாக்டுலோஸ், வெறும் பேதி மருந்தன்று. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கச் செய்து அங்கே அமிலத்தன்மையைக் கூட்ட, அம்மோனியா ரத்தத்தில் கலக்க இயலாத வடிவத்துக்கு மாறி மலத்தோடு வெளியேறுகிறது. நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை இளக்கமாகப் போனால் போதும். அதற்கு மேல் போய் உடலில் நீர் வற்றினால், அதுவே குழப்பத்தை மீண்டும் கொண்டுவரும். அளவைக் குறைத்திருக்க வேண்டிய மருந்தை அந்த அம்மா அடியோடு நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். மருந்தின் பெயரைவிட இந்த எண்ணிக்கையையே வீட்டாரிடம் அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. மீண்டும் மீண்டும் குழப்பம் வருபவர்களுக்கு ரிஃபாக்ஸிமினையும் சேர்க்கிறோம். குடலைத் தாண்டி ரத்தத்தில் ஏறக்குறைய கலக்காத இந்த ஆன்டிபயாடிக், அத்தகைய குழப்பம் திரும்புவதைக் குறைப்பதை 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் லாக்டுலோஸையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

பாக்டீரியாவே குடற்சுவரைக் கடந்து வயிற்றில் கோத்த நீருக்குள் சென்றுவிடுவது இன்னும் ஆபத்தானது. காய்ச்சலோ வலியோ இல்லாமலும் இது வரலாம் என்பதால், வயிற்று நீரோடு அனுமதிக்கப்படும் ஒவ்வொருவரிடமும் ஊசியால் சிறிது நீர் எடுத்துப் பார்க்கிறோம். ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணுக்கள் 250-ஐ எட்டினால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறோம். அந்தக் கல்ச்சரில் அடிக்கடி வளர்வது ஈ. கோலை போன்ற குடல்வாசிகளே.

நன்மை தரும் என்று கருதி உட்கொள்ளும் பாக்டீரியாக்களான புரோபயாடிக் பற்றிக் கேட்காத குடும்பமே இல்லை. எந்தப் பாக்டீரியாவை, யாருக்கு, எவ்வளவு காலம் தருவது என்பதற்கு உறுதியான விடை இன்னும் கிடைக்காததால், நான் அதை எழுதிக் கொடுப்பதில்லை. அதைவிட என் கவலை, காரணமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தொடரும் அமிலக் குறைப்பு மாத்திரைகளைப் பற்றியது. இரைப்பையின் அமிலம் வாய்க் கிருமிகளைத் தடுக்கும் ஒரு காவல். சிரோசிஸ் நோயாளிகளின் குடலில் வாயைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் பெருகியிருப்பதைச் சீன ஆய்வாளர்கள் 2014-இல் காட்டியிருக்கிறார்கள். இம்மாத்திரைகளை உண்பவர்களிடம் வயிற்று நீர்த் தொற்று கூடுதலாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் சுட்டியிருப்பதால், மருந்துச் சீட்டில் அதைப் பார்த்ததும் எதற்காகத் தொடங்கப்பட்டது என்று கேட்கிறேன். புண், ரத்தக்கசிவு போன்ற தக்க காரணம் இல்லையென்றால் அன்றே நிறுத்திவிடுகிறேன்.