நண்டைக் கிழித்துத் தின்னும் பாம்பைத் தேடி

சிங்கப்பூருக்குப் போனது வேறு வேலையாக. ஆனால் பாசிர் ரிஸ் பூங்காவின் அலையாத்திக் காட்டுக்குள் ஒரு மரப்பாலம் ஓடுகிறது என்று தெரிந்ததும் மனம் அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டது. கடல் வற்றும் நேரம் பார்த்து, இருட்டியபின் டார்ச்சோடு கிளம்பினேன்.

சேற்று ஓடையில் கணுக்கால் அளவுத் தண்ணீர். நடுவே ஒரு குச்சி. உற்றுப் பார்த்தால், குச்சிக்குக் கண் இருந்தது.

நாய்முக நீர்ப்பாம்பு. கண்களும் மூக்குத் துளைகளும் தலையின் மேல்பக்கத்தில். அதனால் உடம்பு முழுவதையும் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டே மீனுக்குக் காத்திருக்க முடிகிறது. சின்ன மீன் ஒன்று பக்கத்தில் வர, தலை வெடுக்கென்று திரும்பியது. அவ்வளவுதான். அப்புறம் சேற்றில் ஏறி, பாலைவன விரியன் மணலில் போவதுபோல உடம்பைப் பக்கவாட்டில் தூக்கித் தூக்கி வைத்து நகர்ந்தது. வழுக்கும் சேற்றுக்கு அந்த நடைதான் சரி.

ஆனால் நான் தேடிப் போனது இதையல்ல, இதன் உறவினர்களை.

பாம்புக்கு மெல்லத் தெரியாது. வாய் கொள்கிற அளவுதான் இரை, அதுவும் முழுசாக. வழவழவென்று நீண்டிருக்கும் மீன் அதற்குத் தோதானது. நண்டு அப்படியா? அகலமான ஓடு, எட்டுக் கால், போதாததற்கு இரண்டு கொடுக்கு. இதே காடுகளில் வாழும் வெள்வயிற்று நண்டுப்பாம்பு இதற்கென்றே மழுங்கிய தலையும் குட்டையான பற்களும் கொண்டது. வாயை மூடியபடியே பாய்ந்து, தாடையால் நண்டைச் சேற்றில் அழுத்திப் பிடிக்கும். பிறகுதான் கடி. ஓடு கெட்டியான நண்டையும் விடாது. கால்களைத் தனியாக ஒடித்தும் தின்னும்.

ஜெரார்ட் நீர்ப்பாம்பின் வழி வேறு. அது பெரும்பாலும் அப்போதுதான் சட்டை கழற்றிய, உடம்பு மெத்தென்றிருக்கும் நண்டைத்தான் பிடிக்கிறது. தன் உடம்பை இறுக்கமான வளையமாக்கி, அதன் வழியே நண்டை இழுத்துக் கிழிக்கிறது. வாய்க்கு அடங்காத நண்டும் துண்டு துண்டாக உள்ளே போய்விடும். புரூஸ் ஜெய்ன், ஹரோல்ட் வோரிஸ், பீட்டர் இங் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2002-இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் இதை எழுதினார்கள். பாம்பு என்றால் முழுங்கும் என்று படித்து வளர்ந்த எனக்கு, அந்த வளையம் கொஞ்சம் அநியாயமாகவே பட்டது!

கன்டோரியா என்று இன்னொன்றும் உண்டு. கொடுக்கைச் சொடுக்கும் இறால்தான் அதன் சாப்பாடு. சின்னத் தலை, கயிறு போல ஒல்லியான உடம்பு.

பத்து மணி வாக்கில் பாலத்துக்குக் கீழே ஒரு நண்டு கிடந்தது. அசையவில்லை. டார்ச் அடித்தால், பின்பக்கம் பிளந்த வெறும் ஓடு. சட்டை கழற்றியவர் பக்கத்தில்தான் எங்கோ ஒளிந்திருக்க வேண்டும்! அரை மணி நேரம் மூச்சடக்கி நின்றேன். தண்ணீர் திரும்ப ஏறியது, ஓடு மிதந்து போனது. அன்று அங்கே வயிறு நிறையச் சாப்பிட்டவை கொசுக்கள்தான்.