பாதியில் அறுந்துபோகும் நெட்வொர்க் டிஸ்க்: பிரிட்ஜைச் சரிசெய்த வரிசை

வீட்டு நெட்வொர்க்கில் டிஸ்க்கைப் பகிரும் சின்னப் பெட்டி: ஒரு முனையில் ஈதர்நெட், மறுமுனையில் யுஎஸ்பி டிஸ்க். டிஸ்க் கேஸுக்குள் யுஎஸ்பியை சாட்டாவாக (டிஸ்க்கின் சொந்த இணைப்பு முறை) மாற்றும் பிரிட்ஜ் சிப். இந்த அமைப்பில் வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். சின்னக் கோப்புகள் ஒழுங்காகப் போகும். பெரிய கோப்பை ஏற்றினால் பாதியில் நிற்கும், ஷேர் (நெட்வொர்க்கில் தெரியும் அந்த டிஸ்க்கின் ஃபோல்டர்) காணாமல் போகும், சற்று நேரத்தில் தானாகத் திரும்பி வரும். அடையாளம் இப்படி இருந்தால் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அப்படி வந்த ஒன்றைச் சரிசெய்த வரிசை இது.

முதலில் பவர். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அடாப்டரைக் கழற்றித் தனியாக மல்டிமீட்டர் வைத்தால், நொந்துபோன அடாப்டர்கூட 12 வோல்ட் காட்டும். லோடு இருக்கும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். கேஸைத் திறந்து, கறுப்பு முனையை கிரவுண்டிலும் சிவப்பு முனையை டிஸ்க்குக்குப் போகும் 12 வோல்ட் இணைப்பிலும் வைத்துக்கொண்டு பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிப் பாருங்கள். 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. 5 வோல்ட் பக்கம் 4.75க்குக் கீழே கூடாது. மீட்டரில் குறைந்தபட்ச அளவைப் பதியும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள், கண்ணுக்குத் தெரியாத சரிவும் அதில் மாட்டும்.

நாங்கள் பார்த்த டிஸ்க்கில் கோப்பு எழுதத் தொடங்கியதுமே 12 வோல்ட் 11க்கும் கீழே போனது. புது அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அதே, ஆம்பியர் அதே அல்லது கூடுதல், பிளக்கின் நடுமுனை பாசிட்டிவா நெகட்டிவா என்பதும் அதே. போர்டிலும் ஒரு கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தது. அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி தாங்கும் லோ இஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்த) ரகம் போட்டோம். கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

இதற்குப் பிறகும் எப்போதாவது இணைப்பு அறுந்தது. லினக்ஸில் டிமெஸ்ஜி (கர்னலின் செய்திப் பதிவு) பார்த்தபோது, அறுந்த நேரத்திலெல்லாம் 'யுஏஎஸ்' பெயரோடு அபார்ட் (கட்டளை கைவிடப்பட்டது) செய்திகளும், பின்னாலேயே யுஎஸ்பி ரீசெட்டும். யுஏஎஸ் என்பது யுஎஸ்பி டிஸ்க்கோடு பேசும் வேகமான முறைதான், ஆனால் சில பிரிட்ஜ் சிப்களின் ஃபர்ம்வேர் அதைச் சரியாகக் கையாள்வதில்லை. அந்தச் சிப்பின் வெண்டர், புராடக்ட் எண்களைக் கொடுத்து, யுஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ் (கோளாறுள்ள சாதனங்களுக்கான விதிவிலக்குகள்) அமைப்பில் 'யு' எழுத்தைச் சேர்த்தால் கர்னல் பழைய முறைக்கு இறங்கும். வேகம் கொஞ்சம் குறையும், அறுந்துபோவது நிற்கும். தரவு பத்திரமாக இருப்பதற்கு இந்த விலை கொடுக்கலாம்.

டிஸ்க் உண்மையிலேயே நல்லதா என்று அறிய, டிஸ்க் தன் நலனைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். பிரிட்ஜ் வழியாகப் படிக்க, ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் வகையை 'சாட்' என்று குறிப்பிட வேண்டியிருக்கும். அந்தப் பட்டியலில் 5, 197, 198 எண் வரிகளில் உள்ள அளவு ஏறினால் டிஸ்க்கின் பரப்பிலேயே பழுது. 199 (தரவு போகும் வழியில் வந்த பிழைகளின் எண்ணிக்கை) மட்டும் ஏறினால் பெரும்பாலும் பிரிட்ஜுக்கும் டிஸ்க்குக்கும் இடையிலான இணைப்பு. கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினாலே நின்றுவிடும். 199 ஒருபோதும் குறையாது, அதனால் பழைய எண்ணைக் குறித்து வைத்து, மேலே ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பலர் தரவை இழப்பது இதற்கு அடுத்த இடத்தில்தான். பிரிட்ஜைச் சந்தேகித்து டிஸ்க்கைக் கழற்றி நேராகக் கம்ப்யூட்டரின் சாட்டாவில் மாட்டுகிறார்கள். டிஸ்க் காலியாகத் தெரிகிறது, விண்டோஸ் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கிறது. தயவுசெய்து 'வேண்டாம்' சொல்லுங்கள். 2 டெராபைட்டைத் தாண்டிய டிஸ்க்குகளில் சில பிரிட்ஜ்கள் 512 பைட் செக்டர்களை (டிஸ்க் தரவை வைக்கும் சின்னத் துண்டுகள்) 4096 பைட்டாகக் காட்டும். நேராக மாட்டும்போது பார்ட்டிஷன் டேபிள் (எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல்) சொல்லும் இடமெல்லாம் மாறிப்போகும். வேறு சில பிரிட்ஜ்கள் எல்லாவற்றையும் என்கிரிப்ட் செய்தே எழுதும். அப்போது அதே ரக போர்டு இல்லாமல் படிக்க முடியாது. நெட்வொர்க் பெட்டியிலேயே ஃபார்மட் செய்த டிஸ்க் என்றால் அது லினக்ஸின் எக்ஸ்ட்3 அல்லது எக்ஸ்ட்4 கோப்பு முறையாக இருக்கலாம், விண்டோஸுக்கு அது புரியாது. பழைய போர்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

நெட்வொர்க் பக்கம் வேலை குறைவு. கிகாபிட் இணைப்பில் காப்பி வேகம் நொடிக்கு 11, 12 மெகாபைட்டிலேயே நின்றால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு ஜோடி விட்டுப்போனாலும் இப்படி ஆகும். கேபிளை மாற்றுங்கள். பெட்டிக்குப் பிங் போகிறது, ஷேர் மட்டும் திறக்கவில்லை என்றால் எஸ்எம்பி (விண்டோஸ் கோப்புகளைப் பகிரும் முறை) பதிப்பைப் பாருங்கள். 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பு முதல், பழைய எஸ்எம்பி1 விண்டோஸிலிருந்து படிப்படியாக எடுக்கப்பட்டு வருகிறது. பழைய பெட்டிகள் பலவற்றுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

எல்லாம் முடிந்தபின் 50 ஜிபி அளவில் ஒரு கோப்பை ஏற்றி, திரும்ப இறக்கி, இரண்டின் செக்சம்மையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிடுங்கள். செக்சம் ஒத்துப்போய், டிமெஸ்ஜியில் புது ரீசெட் எதுவும் இல்லாமல், 199 ஏறாமல் இருந்தால் கேஸை மூடி ஸ்குரூ போடலாம்.