காவடிக்கு முந்தைய பத்து நாள்

பிப்ரவரி 1, 2025, சனி

மொரீஷியஸில் இன்று அடிமைமுறை ஒழிப்பு நாள். வீட்டில் எல்லோருக்கும் விடுமுறை. காலையிலேயே நோட்டை விரித்தேன். நான் எழுதும் கதையில் என் பூட்டி, அதாவது கொள்ளுப்பாட்டி, கப்பலை விட்டு இறங்கும் இடம். போர்ட் லூயியில் ஆப்ரவாசி காட் என்கிறோமே, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய துறை, அங்கே உள்ள 16 கற்படிகள். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் கிடைத்த தாளில் அவருடைய எண், கப்பலின் பெயர், ஊர், உயரம் எல்லாம் இருக்கின்றன. என்ன நினைத்துக்கொண்டு படியேறினார் என்பது இல்லை. அதை நான்தான் எழுத வேண்டும்.

மூன்று வாரமாக முதல் படியிலேயே நிற்கிறேன்.

பிப்ரவரி 3, திங்கள்

சத்தம் காரணமில்லை என்று இன்று புரிந்தது. பக்கத்து வீட்டில் போடும் சேகா, எங்கள் தீவின் ஆட்டப் பாட்டு, என்னைத் தொந்தரவு செய்வதில்லை. ஆனால் அத்தை கதவைத் திறந்து "கி தோ பே ஃபேர்?" என்கிறார். என்ன பண்றே என்றுதான் கேட்கிறார், அன்பாக. நானும் இங்கே எல்லோரும் பேசும் கிரியோலில் இரண்டே வார்த்தை பதில் சொல்கிறேன். அவ்வளவுதான், தமிழ் போய்விடுகிறது.

நான் தமிழ் ஆசிரியை. வகுப்பில்கூடப் பாதி விளக்கம் கிரியோலில்தான். கடை, பஸ், மெட்ரோ, சமையலறை எல்லாமே கிரியோல். மாலையில் உட்கார்ந்தால் தமிழ் வாக்கியம் தானாக வர அரை மணி நேரம் பிடிக்கிறது. நடுவில் ஒரு கேள்வி வந்தால் மறுபடியும் அரை மணி.

பிப்ரவரி 5, புதன்

ரோஸ்ஹில்லில் நூலகத்துக்குப் போனேன். நல்ல அமைதி. இரண்டு வரி எழுதினேன். இரண்டும் கிரியோல் நடை. அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

தைப்பூச விரதம் தொடங்கியதிலிருந்து தினமும் மாலை கோயிலுக்குப் போகிறோம். இன்று என் பக்கத்தில் ஒரு பாட்டி புத்தகமே இல்லாமல் திருப்புகழ் பாடினார். தமிழ் எழுத்து தெரியாதாம். சின்ன வயதில் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்தாராம். ஒரு மணி நேரம் காதில் வேறு மொழி விழவில்லை.

பூஜை முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். நான் போகவில்லை. மண்டபத்தில் காவடிகளைச் சாய்த்து வைத்திருந்த மூலையில் உட்கார்ந்து, பையில் இருந்த பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். அந்த அரை மணி நேரக் காத்திருப்பே இல்லை! ஒரு பக்கம் முழுக்க வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அழுதேன், சந்தோஷத்தில்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மூன்று நாளாக பூஜைக்குப் பிறகு முக்கால் மணி நேரம் எனக்கு. அத்தையிடம் விவரமாகச் சொன்னேன். பையனுக்குச் சோறு போடுவதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். முன்பே கேட்டிருக்கலாம்.

மண்டபத்தில் பெண்கள் பால் சொம்புகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பூட்டியின் கையிலும் ஒரு சொம்பு கொடுத்தேன். சொம்பு வந்ததும் அவர் நடக்கத் தொடங்கிவிட்டார். ஒன்பதாம் படி.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். மகன் முதல் முறையாகச் சின்னக் காவடி எடுத்தான். நான் பாற்குடம். தார் ரோடு சுட்டுவிட்டது. வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு, அப்புறம் தூக்கம். எழுதவில்லை.

பிப்ரவரி 12, புதன்

திருவிழா முடிந்தது, இன்று கோயிலில் பாட்டு கிடையாது. என்ன செய்வது என்று பகல் முழுக்க யோசித்தேன். சாயங்காலம் மகனைத் தமிழ்ப் பாடத்தை உரக்கப் படிக்கச் சொன்னேன். தடுமாறித் தடுமாறிப் படித்தான். அத்தை டிவியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டார். இரண்டு பக்கம் முடிந்ததும் நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பதினோராம் படியில் பூட்டி சொம்பை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொள்கிறார்.