சொல்வதெழுதல் கொப்பி

04.06.2024
ரீச்சர் கூப்பிட்டு மகனின் சொல்வதெழுதல் கொப்பியைக் காட்டினார். வரிகளுக்கு நடுவே வெற்றிடங்கள். விட்டுப்போன இரண்டு சொல்லுக்குப் பிறகு அடுத்த சொல் சரியாக இருக்கிறது. "வகுப்பில் கனவு காணுறார்" என்றார். வீட்டுக்கு வந்து நன்றாக ஏசிவிட்டேன். "எனக்குக் கேட்கேல்லை அம்மா" என்று அழுதான்.

09.06.2024
இரவு இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டே கதைத்தவன் பாதிச் சொல்லில் நின்றான். கை வாய்க்குப் பாதி வழியில். கண் இமை மட்டும் படபடத்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன், திரும்பவில்லை. பதினொன்று எண்ணினேன். உடனே விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தான், ஒன்றும் நடக்காததுபோல. பகல்கனவு என்றால் தொட்டதும் கலைந்திருக்குமே. அடுத்த தடவை இவர் போனில் படம் பிடித்துவிட்டார்.

18.06.2024
கிளினிக். டொக்டர் முதலில் வீடியோவைத்தான் பார்த்தார். அப்புறம் ஒரு கடதாசித் துண்டை மகன் முகத்துக்கு முன் பிடித்து, அது ஆடிக்கொண்டே இருக்கும்படி மூன்று நிமிடம் ஊதச் சொன்னார். இரண்டாவது நிமிடத்தில் கடதாசி அசையாமல் நின்றது. கண் படபடத்தது. சில விநாடியில் திரும்ப ஊதத் தொடங்கினான். என் கை நடுங்கியது.

இதுவும் வலிப்புத்தானாம். விழுந்து கைகால் இழுத்தால்தான் வலிப்பு என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பிள்ளைக்கு ஏசியதை நினைத்துப் பஸ்ஸில் அழுதேன்.

26.06.2024
ஈஈஜி எடுத்தார்கள். தலையில் பசை தடவி வயர் ஒட்டினார்கள். மூளையின் மின்சாரத்தைப் பதிவதுதான், உள்ளே எதுவும் செலுத்துவதில்லை, நோவும் இல்லை. அவன் விறைத்த நேரத்தில் விநாடிக்கு மூன்று என்று அலைகள் எழும்பியிருந்தன.

வல்ப்ரோயேட் பாணி, காலையும் இரவும், சாப்பாட்டுக்குப் பிறகு. பக்கத்து வீட்டு அக்கா தன் மகளின் வலிப்புக் குளிசையை, கார்பமஸபினை, தரப் பார்த்தார். அது இந்த வகை வலிப்பைக் கூட்டிவிடும் என்று டொக்டர் தெளிவாகச் சொன்னார். வலிப்பிலே வகை இருக்கிறது, மருந்தை மாற்றிக் கொடுக்கக் கூடாது.

07.07.2024
அம்மா பத்திரகாளி அம்மன் கோயிலில் நூல் கட்டினார். கட்டட்டும், பாணியை ஒரு வேளையும் விடமாட்டேன். பெரிய வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று அம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்தேன்: பக்கவாட்டில் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் இரும்புத் திறப்புக் கொடுக்க வேண்டாம், நேரம் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸுக்கு எடுக்க வேண்டும்.

டச்சு வளைகுடாவில் குளிக்கலாம், ஆனால் கை எட்டும் தூரத்தில் இவர் நிற்க வேண்டும். கிணற்றடிக்குத் தனியாக விடுவதில்லை.

24.07.2024
கொப்பி வந்தது. பத்துக்கு எட்டு. இரண்டும் எழுத்துப் பிழை, ழகரத்துக்கு ளகரம் போட்டிருக்கிறான். வெற்றிடம் ஒன்றும் இல்லை.