வடக்குச் சுவர்

அக்டோபர் 11
பக்கத்து வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் பூட்டையும் மாற்றிவிட்டார். வீட்டை இடித்துவிடுவாரோ, நம் வடக்குச் சுவர் என்னாகுமோ என்று பயமாக இருக்கிறது. புதுப் பித்தளைப் பூட்டு.

அக்டோபர் 12
இன்று யாரும் வரவில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு
காந்தி வீதிச் சந்தைக்குப் போகிற கூட்டம் காலையிலேயே தொடங்கிவிட்டது. வெயிலுக்கு ஒதுங்கி நம் தாழ்வாரத்தில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. யாரென்று தெரியாது, கேட்கவும் இல்லை. தண்ணீர் கொடுத்தேன். ஊரை இரண்டாகப் பிரிக்கிற வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் வீடுகளில் உயர்ந்த மதிலும் கேட்டும்தான் தெருவைப் பார்த்து நிற்கும். இந்தப் பக்கம் வீடே தெருவுக்கு வந்துவிடுகிறது: மரத் தூண், ஓட்டுச் சாய்ப்பு, வருகிறவர் போகிறவர் உட்கார ஒரு திண்ணை. பாண்டியில் எனக்குப் பிடித்ததே இதுதான். இவ்வளவு சின்ன வீட்டில் இதற்கென்று இடம் விட்டவர் யாரோ, அவரைக் கும்பிட வேண்டும்.

அக்டோபர் 19
கொத்தனார் வந்து பார்த்தார். நான் பயந்தது சரிதான். வடக்குச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. நம் கூரைக் கட்டைகளின் முனை ஒரு பக்கம் செருகியிருக்கிறது, அவர்கள் கட்டைகள் மறு பக்கம். அந்த வீட்டை இடிக்க வந்தால் முதலில் கட்டையைத்தான் உருவுவார்கள். உருவிய பொந்துகளில் மழை இறங்கும். சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார். சுண்ணாம்புச் சுவர் வாங்கிய ஈரத்தை வெளியே விட்டுவிடுமாம். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் உப்புப் பூத்து உதிருமாம். பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான், அதுவும் நன்றாகப் புளித்தது. அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் மழைக்காலத்தில் பூச முடியாது. இடிக்கிறவர்கள் மட்டும் மழை பார்ப்பார்களா?

இரவு சுவரில் காதை வைத்துக் கேட்டேன். அந்தப் பக்கம் எலி ஓடுகிறது.

அக்டோபர் 24
தூக்கமில்லை.

அக்டோபர் 28
மனசு சரியில்லாமல் வைசியாள் வீதிப் பக்கம் நடந்தேன். அந்த வீதியின் முகப்புகளைச் சீர்செய்ததற்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. வரிசையாகத் தாழ்வாரங்கள், கீழே தமிழ்த் திண்ணை, மேல் மாடியில் பிரெஞ்சுத் தூண்கள். செய்ய முடியும் என்பதற்கு ஒரு வீதியே சாட்சி நிற்கிறது. நம் வீதிக்கும் யாராவது வரக்கூடாதா?

நவம்பர் 3
மழை! முற்றத்தில் கொட்டுகிறது. நான்கு பக்கக் கூரையும் தண்ணீரை நடுவே இறக்க, அண்டா குண்டானெல்லாம் வைத்துப் பிடித்தோம். அம்மா சின்னப் பிள்ளை போல நனைந்தார். வேறெந்த வீட்டில் நடுக்கூடத்திலேயே மழை பெய்யும்? இந்த வீட்டை நான் விட மாட்டேன்.

நவம்பர் 5
எதிர்வீட்டு ஆயா அந்தக் காலத்தில் மெத்தை, அதாவது மாடித் தளம், போட்ட கதை சொன்னார். கட்டைகளுக்கு மேல் செங்கலைக் குத்துவசமாகச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக் கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்களாம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்களாம். நம் தலைக்கு மேல் இருப்பது அத்தனை பேருடைய கை.

"அந்த ஊட்ட இடிப்பாங்களா ஆயா?"
"மழ விடட்டும், அப்புறம் பாக்கலாம். நீ போய்ச் சாப்பிடு."

நவம்பர் 9
டேப்போடு இரண்டு பேர் வந்து அளந்தார்கள். நம் தாழ்வாரத்தில் நின்றுதான் அளந்தார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. காபி வேண்டுமா என்று அம்மா கேட்டார். கோபமாக வந்தது.

நவம்பர் 12
தீபாவளி. ஆயா அதிரசம் கொடுத்தனுப்பினார். பூட்டிக் கிடக்கிற பக்கத்து வீட்டு வாசலிலும் அம்மாவே கோலம் போட்டார்.

நவம்பர் 14
விடாத மழை. வடக்குச் சுவரில் கையகல ஈரம். 2014 நவம்பரில் இப்படி ஒரு மழையில்தான் கடற்கரையில் பிரெஞ்சுக்காரர் காலத்து நகரமன்றமான மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. அதே சாயலில் மறுபடி கட்டிவிட்டார்கள். ஆனால் அது அரசாங்கக் கட்டடம். நமக்கு யார் கட்டித் தருவார்கள்? 1761-இல் ஆங்கிலேயர் இந்த ஊரையே தரைமட்டமாக்கினார்கள், அப்புறமும் இதே நேர்கோட்டுத் தெருக்களில் வீடுகள் எழுந்தன என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நவம்பர் 15
ஈரம் பெரிதாகிவிட்டது. படம் எடுத்து வைத்தேன்.

நவம்பர் 16
பத்திரத்தில் வடக்கெல்லை 'பொதுச் சுவர்' என்றே இருக்கிறது! தாத்தா காலத்துப் பத்திரம். வாங்கியவரிடம் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். பத்திரத்தோடு நாளை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். கொத்தனாரையும் கூட்டிப்போகிறேன்.